பிஸ்கட் டின்னில் விழுந்த கேள்விகள்: உலகத்துக்குள் இருந்துகொண்டு விசுவாசமாக வாழ்வது

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில், ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறேன். நான் குருவானவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகக் கடைசி பெஞ்சில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். பெயர் போடாமல் சீட்டெழுதிப் போட்டுவிடலாம். அதில் திரும்பத் திரும்ப விழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்களை வகுப்பில் சொன்னபோது இருந்ததைவிட இப்போது மாற்றியிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் நாம் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

"தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்கிறது யோவான் 3:16. "உலகத்தில் அன்புகூராதிருங்கள்" என்கிறது 1 யோவான் 2:15. எதைக் கேட்பது?

இரண்டையும்தான். இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே சொல், 'கொஸ்மொஸ்'. முதல் இடத்தில் அது மனிதர்களைக் குறிக்கிறது. இரண்டாவது இடத்தில் என்ன பொருள் என்பதை அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: "மாம்சத்தின் இச்சையும், கண்களின் இச்சையும், ஜீவனத்தின் பெருமையும்." மூன்றில் கடைசியைக் கவனியுங்கள். அது மதுக்கடையில் உட்கார்ந்திருப்பதில்லை. அநேகமாக நம் வீட்டுத் தலைவாசலில் உட்கார்ந்திருக்கும்.

ரோமர் 12:2இல் சொல் வேறு. "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று வாசிக்கிறோம். பிரபஞ்சம் என்றதும் வகுப்பில் ஒரு பையன் நட்சத்திரம், கோள் எல்லாம் நினைத்துக்கொண்டான், அவன் மேல் தப்பில்லை. மூலத்தில் இருப்பது 'அயோன்', அதாவது காலம், யுகம். நடக்கிற காலத்தின் போக்குக்கு ஏற்றபடி வேஷம் கட்டாதே என்கிறார் பவுல். 'வேஷம்' என்று போட்ட மொழிபெயர்ப்பாளருக்குக் கூத்துப் பார்த்த பழக்கம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். வேஷம் ராத்திரி முழுக்க முகத்தில் இருந்தால் விடியும்போது கழுவினாலும் காதோரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

அப்படியானால் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்வதுதானே நல்லது?

இயேசு அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்" என்பது யோவான் 17:15. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதமும் (29ஆம் அதிகாரம்) வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறது. தங்களைச் சிறைபிடித்த ஊருக்காக!

நம் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் தனி ஊராகப் போய்க் குடியேறியதும் உண்டு. 1799இல் முதலூர் உண்டானது அப்படித்தான். அது உலகத்தை வெறுத்துப் போன போக்கு இல்லை, சொந்த ஊரில் அடி தாங்க முடியாமல் போனது. அந்த வித்தியாசத்தை மறந்து, 'நம்ம தெரு, நம்ம ஆளுங்க' என்று வேலி போட்டுக்கொள்வதற்கு முதலூரைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

சினிமா பார்க்கலாமா? ரீல்ஸ்? பாட்டு?

டின்னில் அதிகம் விழுகிற சீட்டு இதுதான். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ரொம்பவும் அலுப்பு. எதைப் பார்க்கிறாய் என்பதோடு எத்தனை மணிக்கு போனைக் கீழே வைக்கிறாய் என்பதையும் ஒரு வாரம் எழுதிப் பார். பதிலை நீயே கண்டுபிடித்துவிடுவாய். சினிமாவுக்குப் போகாத பெரியவர்கள் பலர் சாதி பார்த்து மருமகள் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். வேலியைப் பின்பக்கம் கட்டிவிட்டு முன்வாசலைத் திறந்து போட்ட கதை அது.

ஆபீசில் ஆயுதபூஜை. நான் நிற்கலாமா? பொரி, சுண்டல் கொடுத்தால் வாங்கலாமா? பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தால்?

ஒவ்வொன்றும் வேறு வேறு. வீட்டுக்கு வருகிற பொங்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருகிறார். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கேக்கும் போகிறது. நம் பலகாரத்தை அவர் வாங்க வேண்டும், அவர் பொங்கலை நாம் வாங்க மாட்டோம் என்றால் அதற்குப் பெயர் பரிசுத்தம் இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியிருக்கிறார்: அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால், "மனச்சாட்சியினிமித்தம் நீங்கள் ஒன்றையும் விசாரியாமல், உங்கள்முன் வைக்கப்பட்ட எதையும் புசியுங்கள்" (1 கொரி. 10:27). அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, பார்க்கிறவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்பதில்தான் விஷயம். அதனால் ஒரே சபையில் ஒருவர் வாங்கிச் சாப்பிடுவார், இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டு "வேண்டாம்மா, தப்பா நினைக்காதீங்க" என்பார். இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் இருந்தால் போதும்.

ஆபீஸ் பூஜை கொஞ்சம் சிக்கல். நான் பிள்ளைகளுக்குச் சீரியா ராஜாவின் படைத்தலைவன் நாகமான் கதையைச் சொல்வேன், 2 இராஜாக்கள் 5. குஷ்டம் நீங்கி, இனி கர்த்தருக்கே அல்லாமல் வேறு தேவர்களுக்குப் பலியிடுவதில்லை என்று சொன்ன கையோடு ஒரு தயக்கத்தையும் சொல்கிறான். அவன் ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது இவன் கைமேல் சாய்ந்துகொள்வான். ராஜா குனிந்தால் இவனும் குனிய வேண்டியிருக்கும். இந்த ஒரு காரியத்தில் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக என்கிறான். அவனைக் குணமாக்கின எலிசா தீர்க்கதரிசி வேலையை விடு என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை குனி என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான், அவ்வளவுதான்.

எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி இதைக் கேட்ட பிறகு தன் ஆபீசில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முந்தின நாள் மேசைகளைத் துடைத்து, கம்ப்யூட்டர்களுக்குத் தூசு தட்டி, தோரணம் கட்ட ஏணியும் பிடித்துக்கொடுத்திருக்கிறாள். தீபாராதனை நேரத்தில் மட்டும் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை எல்லாம் செய்தவள் என்பது அவர்களுக்குத் தெரியுமே. முதல் நாளே லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் வந்து எல்லாருக்கும் துண்டுப்பிரதி கொடுப்பதைவிட இது எத்தனையோ மேல்.

லஞ்சம் வாங்குவது தப்பு, சரி. கொடுப்பதுமா? கொடுக்காவிட்டால் காகிதம் நகராதே?

வாங்குகிறவர்களிடம் யோவான்ஸ்நானன் நேராகவே பேசிவிட்டார். வரி வசூலிக்கிற ஆயக்காரரிடம், "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்." போர்ச்சேவகரிடம், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" (லூக்கா 3). வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று இருவரிடமும் சொல்லவில்லை. மேசை அதே மேசை, கை மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின ஆயக்காரத் தலைவன் சகேயுவைப் பற்றி ஒரு வார்த்தை (லூக்கா 19). நாம் அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லிப் பாட்டுப் பாடுகிறோம், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்ற இடம் வரும்போது பாட்டு முடிந்துவிடும். 10 ரூபாய் அநியாயமாக வாங்கியிருந்தால் 40 ரூபாய். நான் கணக்கு வாத்தியார், இது எனக்கு முக்கியம்.

கொடுப்பதைப் பற்றிக் கேட்டால், சட்டமே இப்போது கொடுப்பவரையும் குற்றவாளி என்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தப்படி, கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளைக்குள் புகார் செய்தால் தப்பலாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போன் செய்ய எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்பது வேறு விஷயம்.

எனக்கு வரவில்லை. அப்பா இறந்தபின் வீட்டுப் பட்டாவில் பெயர் மாற்ற ஒரு அலுவலகத்துக்கு 4 மாதம் நடந்தேன். ஐந்தாவது மாதம், காலண்டர் தாளில் 1,500 ரூபாயைச் சுருட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பட்டா வந்தது. அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் "ஆண்டவரே, அடைபட்ட வாசலைத் திறந்தீரே" என்று ஸ்தோத்திரம் செலுத்தினேன். பிள்ளைகள் ஆமென் சொன்னார்கள். என் மனைவி சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "வாசலைத் திறந்தது ஆண்டவரா, 1,500 ரூபாயா?" என்று மட்டும் கேட்டாள்.

கொடுத்தது ஒரு பாவம் என்றால் அதற்குக் கர்த்தர் பெயரைப் போட்டது இன்னொன்று. இரண்டாவதுதான் கனம் என்று இப்போது நினைக்கிறேன். மருத்துவமனையில், பிணவறையில், பிள்ளையின் சான்றிதழுக்காக என்று பிடரியில் கைவைத்துப் பிடுங்கப்படுகிற ஏழையையும், வரிசையைத் தாண்டிப் போகப் பணம் வீசுகிறவரையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன். முன்னவர் கொள்ளையடிக்கப்பட்டவர். நான் அன்று முன்னவன் இல்லை. ஆறாவது மாதமும் நடக்க எனக்குக் கால் இருந்தது, பொறுமைதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், போட்டித் தேர்வு, கோச்சிங் கிளாஸ்?

ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது (மாற்கு 2:27). தேர்வு ஞாயிற்றுக்கிழமைதான் என்றால் எழுதிவிட்டு வா, மாலை ஆராதனை இருக்கிறது. நர்ஸ் வேலைக்குப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை நோயாளியை விட்டு வரக்கூடாது. ஆனால் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மூன்று வருஷம் ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்கு அனுப்பாமல் கோச்சிங்குக்கு அனுப்பிவிட்டு, கல்லூரிக்குப் போனபின் "பையன் கோயிலுக்கே வரமாட்டேங்கான், ஜெபம் பண்ணுங்க" என்று என்னிடம் வருகிற பெற்றோரிடம் என்ன சொல்வது? எது முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தோமோ அதை அவன் நன்றாகப் படித்துவிட்டான்.

விசுவாசமாக இருந்தால் ஆசீர்வாதம் வரும் என்கிறார்களே. வீடு, கார், வெளிநாட்டு வேலை கேட்டு ஜெபிப்பது உலகப்பிரகாரமானதா?

கேட்பதில் குற்றமில்லை. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் இயேசுதானே. ஆனால் நம் வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுப்போம். வசனத்தின் பின்னால் ரோஜாப்பூவோ நீர்வீழ்ச்சியோ இருக்கும். அதில் தவறாமல் வருவது எரேமியா 29:11, "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது அது. அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும்தான்.

களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. 1901இல் அங்கே வந்து, 1951இல் இறக்கும்வரை இந்தியாவிலேயே இருந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். பணம் கொடுங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை என்பது அந்த இல்லத்தின் ஒழுங்கு. அதே அம்மையார் 1931இல் குழியில் விழுந்து அடிபட்டு, கடைசி 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் கழித்தார். விசுவாசம் குறைந்ததால் சுகம் கிடைக்கவில்லை என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்கிற தைரியம் உள்ளவர்கள், ஒரு நாள் டோனாவூர் போய் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். அவர் கல்லறையில் நடுகல்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் 'அம்மா' என்று ஒரே ஒரு சொல்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்களே, நல்ல காரியத்துக்குத்தானே?

தெரியாதவர்களுக்காக: அறுப்பின் விளைச்சலை, வாழைத்தாரோ கோழியோ தேங்காயோ, ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு வளாகத்தில் அதை ஏலம் விட்டுப் பணம் சபைக்குச் சேரும். ஏலம் போடுகிறவருக்கு நல்ல குரல் இருந்தால் அது ஒரு திருவிழாதான். எனக்குப் பிடிக்கும். என் மனைவி கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை நானே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.

ஆனால் "அவர் 3,000 என்றால் நான் 5,000" என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டு ஏற்றும்போது பூசணிக்காய் பாவம் நடுவில் உட்கார்ந்திருக்கும். அப்போது விலை போவது காய் இல்லை. அந்தப் பணத்தில் கூரைக்கு ஓடு மாற்றலாம், மறுக்கவில்லை. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கச் சொன்னார் இயேசு. நாம் மைக்கில் அறிவித்து, மின்விசிறி இறக்கையிலும் பெயர் எழுதுகிறோம். காற்று வாங்க அண்ணாந்து பார்த்தால் அன்பளிப்பு செய்தவர் சுற்றிக்கொண்டிருப்பார்.

இதே சபைகளில்தான் கைப்பிடி அரிசியும் இருந்தது. சோறு பொங்க அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததும் ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்குப் பக்கம் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்தத் துணிவு கலயத்து அரிசியை நம்பி வந்தது.

சபைத் தேர்தலில் நிற்கலாமா?

நில். பிரியாணிப் பொட்டலம் கொடுக்காமல், பஸ் பிடித்து ஆள் ஏற்றாமல், ஓட்டுக்கு இவ்வளவு என்று பேசாமல் நிற்க முடியுமென்றால் நில். தோற்றுப்போவாய். தோற்றபின் வழக்குப் போடாமல் இருந்தால் உனக்கு 1 கொரிந்தியர் 6:7 விளங்கிவிட்டது என்று அர்த்தம்: "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?"

சபைக்குள் சாதி இருக்கிறதா? இருந்தால் ஏன் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை?

இந்தச் சீட்டு சிவப்பு மையில் எழுதியிருந்தது. இருக்கிறது. கல்யாண விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடுத்த சொல் என்ன என்று பாருங்கள்.

புதிதாக வந்ததும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் தீர்மானமாக, உடனே, ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கத்தோலிக்கர் பக்கமும் அதே கதைதான். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டின கோவிலுக்குக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்போல இரண்டு மண்டபம், நடுவில் சுவர். ஒரு சாதிக்கு ஒரு கால். பிற்பாடு அந்தச் சுவரை எடுத்தபோது, எடுத்தது தப்பு என்று மெட்ராஸ் உயர்நீதிமன்றம்வரை வழக்குக்குப் போனார்கள். சுவர் திரும்ப வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பஞ்சாப் பக்கத்துச் சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியினர். 1956இல் மற்றச் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனானால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பது சொல்லப்படுகிற காரணம். தாலுகா ஆபீசில் போய் "நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி கிடையாது" என்று கேட்டுவிட்டு வருகிறவருக்கு, அதே வாரம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் "உங்க ஆளுகளுக்கு அந்தப் பக்கம்" என்று பதில் வந்தால் அவர் எங்கே போவார்? அரசாங்கம் நம்மைப் பற்றி நினைக்கிற நல்ல எண்ணத்துக்கு நாம் தகுதியாக இல்லை என்பதுதான் உண்மை.

ஏன் பிரசங்கம் இல்லை என்றால், பிரசங்கம் பண்ணுகிறவருக்கு அடுத்த இடமாற்றம் யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்.

ஒன்றைப் பார்த்து எனக்கு ஆறுதல். அசனப் பண்டிகை. ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வெந்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிறோம். பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை, வாளி வருகிறதா என்பதுதான் கவலை. இலையில் குழம்பு ஓடாமல் சோற்றால் அணை கட்டுவதில் எல்லாச் சாதியும் ஒன்றுதான். அந்த இலையை எடுத்துப் போட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் தெரியவில்லை.

நகை போடலாமா? பெந்தெகொஸ்தே தோழி போடுவதில்லை.

அவள் போடாததை மதி. டோனாவூர் அம்மையாரோடு கிராமம் கிராமமாகப் போன தமிழ்ப் பெண்களும் நகைகளைக் கழற்றினார்கள். நகையில்லாத கழுத்து விதவைக்கு அடையாளம் என்று ஊர் பேசின காலம் அது. நீ ஒரு செயின் போடுவதில் எனக்கு ஒன்றுமில்லை. உன் கழுத்தில் கிடப்பது எத்தனை பவுன் என்று அடுத்தவள் கண்ணால் எடைபோடும்போது உனக்கு உள்ளே குளிர்கிறதா என்று மட்டும் பார்.

சீதனம் கேட்காமல், பெண் வீட்டார் "விருப்பப்பட்டு" கொடுத்தால் வாங்கலாமா? அது பெண்ணுக்குச் சேரவேண்டிய பங்குதானே?

மூன்று தனித்தனிச் சீட்டாக வந்த கேள்வி.

வேதத்திலிருந்து தொடங்குவோம். ராகேலுக்காக யாக்கோபு ஏழு வருஷம் ஆடு மேய்த்தான். கொடுத்தது மாப்பிள்ளை. நம் ஊரிலும் பழைய வழக்கம் பரிசம் போடுவது, அதுவும் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதுதான். மாமனார் கொடுத்த சீதனம் வேதத்தில் வருகிற ஒரு இடம் 1 இராஜாக்கள் 9:16. பார்வோன் கேசேர் பட்டணத்தைப் பிடித்து, அக்கினியால் சுட்டெரித்து, குடிகளைக் கொன்று, அதைச் சாலொமோனுக்குக் கொடுத்த தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான். எரிந்த ஊர்! பெண்ணைப் பெற்ற வீட்டைப் பார்த்தால் சில கல்யாணங்களுக்குப் பிறகு எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வரும்.

பங்கு என்ற வாதத்தில் கொஞ்சம் சரித்திரம் உண்டு. கன்னியாகுமரிப் பக்கமும் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், தருகிறேன் என்று சொல்லியிருந்தாலே, அதுவும் இல்லை. கேரளத்து மேரி ராய் வழக்காடி, 1986இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே பங்கைக் கொடுக்கிறோம் என்கிறவர்கள், பத்திரத்தில் மகள் பெயரில் எழுதிக் கொடுக்கட்டும். காலேபின் மகள் அக்சாள் அப்பாவிடம் நேராகவே நீர்ப்பாய்ச்சலான நிலம் கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா கையில் ரொக்கமாகக் கொடுப்பது எந்த ஊர்ப் பங்கு?

'விருப்பப்பட்டு' என்ற சொல்லைப் பற்றி. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரையும் குற்றவாளி ஆக்குகிறது. அதனால் யாரும் கேட்பதில்லை. "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க செய்யிறத செய்ங்க. மூத்த மருமவளுக்கு 60 போட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். அதில் கேள்வி இல்லை, எண் இருக்கிறது. பிறகு மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கலாம் என்று குருவானவர் கேட்கும்போது தடை எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் எழும்புவதில்லை.

சார், உங்கள் கல்யாணத்தில்?

இதுவும் டின்னில் வந்ததுதான். கையெழுத்து எனக்குத் தெரிந்தது, சொல்ல மாட்டேன்.

1991இல் எனக்குக் கல்யாணம். 25 பவுனும் 40,000 ரூபாயும். அப்பா பேசினார், நான் உள்ளறையில் வேதப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காதில் எல்லாம் விழுந்தது. மாமனார் மஞ்சப்பையிலிருந்து கட்டுகளை எடுத்து வைத்தபோது கட்டில் ஒரு நோட்டு கிழிந்திருக்க, அப்பா அதை மாற்றித் தரச் சொன்னார். மாமனார் சட்டைப் பையிலிருந்து வேறு நோட்டு எடுத்து வைத்தார். அதைக் கதவிடுக்கில் பார்த்தேன். சகேயு கணக்குப்படி எனக்குப் பாக்கி 1,60,000 ரூபாயும் 100 பவுனும். மாமனார் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது.

போன வருஷம் மகனுக்குப் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க என்ன எதிர்பாக்கியன்னு சொல்லிட்டா நல்லது" என்றார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஒரு பவுனும் வேண்டாம் அண்ணே, ஒரு ரூபாயும் வேண்டாம். பிள்ள பேருல உள்ளத பிள்ள பேருலயே வச்சிருங்க." 33 வருஷமாக வைத்திருந்த வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இதைக் கேட்டு வகுப்பில் கைதட்டினார்கள். மீதியையும் அவர்களிடம் சொன்னேன். மண்டபச் செலவு பாதிப்பாதி என்று பேச்சு. "ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று என் தம்பி ஆரம்பித்து, நானும் பட்டியலை நீட்டி நீட்டி, கடைசியில் 1,100 இலை விழுந்தது. பெண்ணின் அப்பா தன் பங்குக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்று மருமகள் வந்து மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். அதில் பாதியை நான் கட்டுகிறேன் என்று போய்ச் சொன்னால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கும் என்று மகன் சொல்கிறான். எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது வழி தெரிந்தால் டின்னில் போடுங்கள்.